தைப்பூசப் பந்தலுக்கு 18 வியூ: பேஸ்ரோவில் கையால் செய்யாமல் என்8என் மூலம் உருவாக்குவது எப்படி?

பினாங்கில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் குழுக்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். நாள் மூன்று: தேர் வரும் நாள், பூசம், தேர் திரும்பும் நாள். பிரிவு ஆறு: தண்ணீர், நீர்மோர், சமையல், பரிமாறுதல், பொருள் ஏற்றி இறக்குதல், குப்பை அகற்றுதல். எந்த நாளில் எந்தப் பிரிவுக்கு யார் வருகிறார்கள் என்று தனித்தனியாகக் காட்டினால் 18 பட்டியல் வந்துவிடும். தகவல் எல்லாம் ஒரே அட்டவணையில்தான் இருக்கிறது. ஆனால் நீர்மோர்ப் பிரிவின் பொறுப்பாளர் அக்காவுக்குத் தேவை அவருடைய பன்னிரண்டு பேர் மட்டுமே. முழு அட்டவணையையும் கைப்பேசியில் திறந்து விரலால் தள்ளித் தள்ளித் தேட அவருக்கு அன்று நேரம் இருக்காது.

இதற்குத்தான் வியூ. அட்டவணை அப்படியே இருக்கும். எந்த வரிகளைக் காட்டுவது (இதுதான் ஃபில்டர்), எந்த நெடுவரிசைகளை மறைப்பது, எந்த வரிசையில் அடுக்குவது என்பதை மட்டும் வியூ நினைவில் வைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு வியூ என்றால் கையாலேயே செய்துவிடலாம். பதினெட்டு என்றால், ஒவ்வொன்றிலும் மூன்று ஃபில்டர், ஒரு வரிசைப்படுத்தல், நான்கைந்து மறைப்பு என்று நூறு சொடுக்குகளைத் தாண்டும். எண்பதாவது சொடுக்கில் யாருக்கும் கண் சொருகும். "பூசம்" என்று தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் "தேர் நாள்" விழுந்துவிடும். அது காலை ஐந்து மணிக்கு, பந்தலில் ஆள் இல்லாதபோதுதான் தெரியவரும்.

கருவி ஒரே ஓட்டத்தில் பதினெட்டையும் செய்துவிடும். ஆனால் என்ன வேண்டும் என்று அதற்கு எழுதிக் கொடுப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் கருவியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவைதான்.

கருவிகள் இரண்டு

தரவுத்தளத்துக்கு பேஸ்ரோ. திறமூல மென்பொருள். அவர்களுடைய தளத்தில் இலவசக் கணக்கும் திறக்கலாம், சொந்த சர்வரிலும் நிறுவிக்கொள்ளலாம். கட்டம், கேலரி, படிவம் ஆகிய வியூ வகைகள் இலவசம். கான்பான், காலண்டர் போன்றவை கட்டணத் திட்டத்தில் உள்ளன. நமக்குக் கட்டம் போதும். நாம் பேஸ்ரோவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் வேறு: வியூவை உருவாக்குவது, ஃபில்டர் சேர்ப்பது, நெடுவரிசையை மறைப்பது எல்லாவற்றையும் அதன் ஏபிஐ வழியாக, அதாவது இன்னொரு மென்பொருள் உத்தரவு அனுப்பும் வாசல் வழியாக, வெளியிலிருந்தே செய்யலாம். அப்படி அனுப்பும் ஒவ்வோர் உத்தரவும் ஓர் அழைப்பு. எல்லாத் தளங்களிலும் இந்த வசதி இருக்கும் என்று எண்ண வேண்டாம். வரிகளைச் சேர்க்கவும் திருத்தவும் மட்டும் ஏபிஐ கொடுத்துவிட்டு வியூ விஷயத்தில் கையை விரிக்கும் தளங்கள் உண்டு. வேறு தளத்தில் இருப்பவர்கள் முதலில் அதன் ஆவணத்தில் "வியூ உருவாக்கு" என்ற அழைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

தானியங்கி வேலைக்கு என்8என். பெட்டிகளைக் கோடு போட்டு இணைத்து வேலைத்தொடர் அமைக்கும் கருவி. அதில் பேஸ்ரோவுக்கென்றே ஒரு பெட்டி தயாராக இருக்கிறது. ஆனால் அது வரிகளை மட்டுமே கையாளும், வியூவைத் தொடாது. எனவே வியூ வேலை முழுவதையும் எச்டிடிபி ரிக்வெஸ்ட் பெட்டியால் செய்யப்போகிறோம். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முகவரி ஒன்று, அனுப்பும் செய்தி ஒன்று, அவ்வளவுதான். இரண்டுக்கும் மாதிரி பேஸ்ரோவின் ஏபிஐ ஆவணத்தில், தரவுத்தள வியூ பகுதியில் இருக்கிறது. எழுத்துப் பிழை வராமல் அங்கிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள்.

முதலில் அட்டவணை

வியூ நன்றாக வர அட்டவணை சரியாக இருக்க வேண்டும். மூன்று முடிவுகளை இங்கேயே எடுத்துவிடுங்கள்.

ஒன்று, ஒரு வரி என்றால் என்ன? "ஒருவர் ஒரு வரி" என்று தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் ஒரே ஆள் பூசத்தன்று காலை சமையலிலும் மாலை பரிமாறுதலிலும் நிற்பார். அப்போது ஒரே வரியில் இரண்டு பிரிவைத் திணிக்க வேண்டி வரும், ஃபில்டர் குழம்பும். எனவே அட்டவணையை இரண்டாகப் பிரியுங்கள். "தொண்டர்கள்" அட்டவணையில் பெயர், கைப்பேசி எண், அவசரத் தொடர்பு, வட்டாரம் இருக்கட்டும். "பணிச்சுற்று" அட்டவணையில் ஒரு வரி என்பது ஒருவரின் ஒரு சுற்று. அதில் தொண்டருக்கு இணைப்பு, நாள், பிரிவு, நேரம், சுற்று எண், நிலை ஆகியவை இருக்கட்டும். ஆயர் ஈத்தாமிலிருந்து வருபவருக்கு மூன்று சுற்று என்றால் பணிச்சுற்றில் மூன்று வரி, தொண்டர்களில் ஒரே வரி.

இந்தப் பிரிவினையில் இன்னொரு ஆதாயமும் உண்டு. வியூ எல்லாம் பணிச்சுற்று அட்டவணையில்தான் உருவாகும். கைப்பேசி எண் அந்த அட்டவணையிலேயே இல்லை. இல்லாத எண் தவறிப்போய் வெளியே போகாது.

இரண்டு, நாளைத் தேதியாக வைக்காதீர்கள். 2025இல் பூசம் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1. தேதியை வைத்து ஃபில்டர் போட்டால் ஒவ்வோர் ஆண்டும் பதினெட்டையும் திருத்த வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் நள்ளிரவு. தேர் திரும்பும் இரவில் பத்து மணிக்குத் தொடங்கும் சுற்று மறுநாள் அதிகாலையில்தான் முடியும். அது எந்தத் தேதிக்குச் சொந்தம்? குழுவில் யாரும் தேதியைச் சொல்லிப் பேசுவதில்லை. "தேர் திரும்புற அன்னைக்கு ராத்திரி" என்றுதான் சொல்வார்கள். எனவே "நாள்" என்பதை ஒற்றைத் தேர்வு நெடுவரிசையாக வையுங்கள். தெரிவுகள் மூன்றே: தேர் நாள், பூசம், தேர் திரும்பும் நாள். வெள்ளி ரதத்துக்கும், 2017 முதல் வலம் வரும் தங்க ரதத்துக்கும் தனித்தனியாக ஆள் போடும் குழுக்கள் தெரிவுகளைக் கூட்டிக்கொள்ளலாம்.

அதேபோல் நேரத்தை "காலை 6 – 10" என்று எழுத்தாக வைத்தால் அடுக்கும்போது அகர வரிசையில் போய் நிற்கும். சுற்று எண் என்று 1, 2, 3, 4 என எண்ணாக ஒரு நெடுவரிசை வையுங்கள். எழுத்தில் உள்ள நேரம் பார்ப்பதற்கு, எண் அடுக்குவதற்கு.

மூன்று, முதன்மை நெடுவரிசை, அதாவது ஒவ்வொரு வரிக்கும் பெயர்போல் நிற்கும் முதல் நெடுவரிசை. பேஸ்ரோவின் கட்ட வியூவில் முதன்மை நெடுவரிசையை மறைக்க முடியாது. அதில் எது இருக்கிறதோ அது எல்லா வியூவிலும் தெரியும். அங்கே அடையாளக் கார்டு எண்ணையோ கைப்பேசி எண்ணையோ வைத்துவிட்டால் பின்னால் எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. இணைக்கப்பட்ட தொண்டரின் பெயரை மட்டும் எடுத்துக் காட்டும் ஃபார்முலாவை அதில் வையுங்கள். (அடையாளக் கார்டு எண்ணைக் கேட்டு வாங்குவதையே நிறுத்துவது நல்லது. மோர் ஊற்ற வருபவரிடம் அது எதற்கு?)

ஒரு வியூவுக்கு ஒரு வரி

இப்போது மூன்றாவதாக ஓர் அட்டவணை: "வியூ பட்டியல்". இதுதான் வேலைத்தொடர் படிக்கப்போகும் உத்தரவு. நீங்கள் பின்னால் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் என்8என் பக்கமே போகாமல் இந்த அட்டவணையில் மாற்றினால் போதும். பந்தலில் கணினி தெரியாதவர்களும் இதைத் திருத்தலாம்.

நெடுவரிசைகள் இவை: வியூவின் பெயர், நாள், பிரிவு, காட்ட வேண்டிய நெடுவரிசைகள், அடுக்கும் நெடுவரிசை, குறைந்தது எத்தனை பேர், அதிகபட்சம் எத்தனை பேர், பொதுவா உள்ளுக்கா (இணைப்பு உள்ள யாரும் பார்க்கலாமா, குழுவுக்குள் மட்டுமா), வியூ எண், இணைப்பு, குறிப்பு. கடைசி மூன்றை நீங்கள் நிரப்ப வேண்டாம், வேலைத்தொடர் நிரப்பும்.

ஒரு வரி எப்படி இருக்கும் என்று பாருங்கள். வியூவின் பெயர்: "பூசம் – நீர்மோர்". நாள்: பூசம். பிரிவு: நீர்மோர். காட்ட வேண்டியவை: நேரம், சுற்று எண். அடுக்குவது: சுற்று எண். குறைந்தது 8, அதிகபட்சம் 20. பொது. பெயர் முதன்மை நெடுவரிசையில் இருப்பதால் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கவனியுங்கள், "மறைக்க வேண்டியவை" என்று எழுதச் சொல்லவில்லை, "காட்ட வேண்டியவை" என்றுதான் எழுதுகிறோம். மறைப்பதைப் பட்டியல் போட்டால், அடுத்த மாதம் யாரோ ஒருவர் "உடல்நலக் குறிப்பு" என்று புது நெடுவரிசை சேர்க்கும்போது அது பட்டியலில் இருக்காது. காட்டுவதைப் பட்டியல் போட்டால் மற்றதெல்லாம் தானாக மறைப்புக்குள் போய்விடும்.

வியூ பட்டியலில் நாளையும் பிரிவையும் சாதாரண எழுத்து நெடுவரிசையாகவே வையுங்கள். அங்கும் ஒற்றைத் தேர்வு வைக்கலாமே என்று தோன்றும். பேஸ்ரோவில் ஒவ்வொரு தெரிவுக்கும் உள்ளே ஓர் எண் உண்டு. அந்த எண் நெடுவரிசைக்கு நெடுவரிசை வேறு. பணிச்சுற்றில் உள்ள "தண்ணீர்" ஓர் எண், வியூ பட்டியலில் உள்ள "தண்ணீர்" இன்னோர் எண். பெயர் ஒன்றுதானே என்று இந்த எண்ணை அங்கே கொடுத்தால் வியூ காலியாக வரும், பிழைச் செய்திகூட வராது.

இரண்டு சாவி

பேஸ்ரோவில் டேட்டாபேஸ் டோக்கன் என்று ஒன்று உருவாக்கலாம். வரிகளைப் படிக்க, எழுத, திருத்த, அழிக்க அது போதும். வியூவை உருவாக்க அது செல்லாது. அதற்கு மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்துப் பெறும் ஜேடபிள்யூடி என்ற தற்காலிகச் சாவி வேண்டும். அதன் ஆயுள் பத்து நிமிடம். வேலைத்தொடரின் தொடக்கத்தில் ஒருமுறை வாங்கிக்கொண்டால் போதும். ஒரு வியூவுக்கு ஒன்பது அழைப்பு என்றாலும் பதினெட்டுக்கு 162 அழைப்பு. விநாடிக்கு ஒன்று வீதம் அனுப்பினால் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இந்தச் சாவிக்கு உங்கள் சொந்தக் கணக்கைக் கொடுக்காதீர்கள். பந்தலுக்கென ஒரு மின்னஞ்சல் திறந்து, அதைப் பேஸ்ரோவின் பணித்தளத்தில் (வொர்க்ஸ்பேஸ்) உறுப்பினராகச் சேர்த்து, அந்தக் கடவுச்சொல்லை என்8என்-இல் சாவிகளைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் பகுதியில் வையுங்கள். பெட்டிக்குள் நேரடியாகத் தட்டச்சு செய்தால், வேலைத்தொடரை நண்பருக்கு ஏற்றுமதி செய்து கொடுக்கும் அன்று கடவுச்சொல்லும் கூடவே போகும்.

வேலைத்தொடரைக் கட்டுவோம்

தொடக்கப் பெட்டி கையால் இயக்குவதாக இருக்கட்டும். நேர அட்டவணையில் ஓடவிடுவதை எல்லாம் சரியாக வந்தபின் பார்க்கலாம்.

அடுத்து மூன்று பெட்டிகள் தகவலைத் திரட்டுகின்றன. முதலாவது ஜேடபிள்யூடி வாங்குகிறது. இரண்டாவது பணிச்சுற்று அட்டவணையின் நெடுவரிசைகளைக் கேட்கிறது. பதிலில் ஒவ்வொரு நெடுவரிசையின் எண்ணும், ஒற்றைத் தேர்வு என்றால் தெரிவுகளின் எண்களும் வரும். மூன்றாவது வியூ பட்டியலின் வரிகளைப் படிக்கிறது. இதற்கு என்8என்-இன் பேஸ்ரோ பெட்டியே போதும்.

நான்காவது கோட் பெட்டி, அதாவது சிறு நிரல் எழுதும் பெட்டி. வேலைத்தொடரில் மூளை என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். வியூ பட்டியலில் உள்ள "பூசம்" என்ற எழுத்தை எடுத்து, நெடுவரிசைத் தகவலில் அதே பெயருள்ள தெரிவைத் தேடி, அதன் எண்ணைப் பிடிக்க வேண்டும். "நீர்மோர்" என்பதற்கும் அப்படியே. காட்ட வேண்டிய நெடுவரிசைப் பெயர்களுக்கும் எண் தேட வேண்டும். எது கிடைக்காவிட்டாலும் அந்த வரியை ஓரங்கட்டி, குறிப்பு நெடுவரிசையில் "பிரிவு பொருந்தவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள். கிடைக்காததைக் காலியாக விட்டுவிட்டு மேலே போகவே கூடாது. ஏனென்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

இங்கே தமிழில் வேலை செய்பவர்களுக்கு வரும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது பெரும்பாலும் இருக்காது. "நீர்மோர்" என்ற சொல்லில் உள்ள "மோ"வை யுனிகோடில் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறை) இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ம-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒரே எழுத்தாக வரலாம். அல்லது இரட்டைக் கொம்பு தனியாக, கால் தனியாக, இரண்டு எழுத்தாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். ஒருவர் கைப்பேசியில் ஒரு விசைப்பலகையில் தட்டச்சு செய்ததையும், இன்னொருவர் பழைய கோப்பிலிருந்து ஒட்டியதையும் ஒப்பிட்டால் "பொருந்தவில்லை" என்று வரும். நீங்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துத் தலையைச் சொறிவீர்கள். ஒகர, ஓகார, ஔகாரக் குறி உள்ள எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தும். நம் பட்டியலில் "பொருள்" என்பதும் மாட்டும்.

தீர்வு எளிது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும், குறியை ஒரே எழுத்தாகச் சேர்த்து வைக்கும் யுனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். கோட் பெட்டியில் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அதற்கென நார்மலைஸ் என்ற செயல்பாடு இருக்கிறது. கூடவே முன்னும் பின்னும் உள்ள இடைவெளியையும் வெட்டிவிடுங்கள். இந்த இரண்டும் செய்தாலே "பொருந்தவில்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவை போய்விடும். மிச்சம் இருப்பவை "தண்ணீர்" என்பதைத் "தன்னீர்" என்று எழுதியவை. அவற்றை மனிதர்தான் திருத்த வேண்டும்.

சரி, எண்கள் கைக்கு வந்துவிட்டன. இனி ஒவ்வொரு வரிக்கும் வியூ கட்டும் பெட்டிகள் வரிசையாக வருகின்றன. என்8என் ஒவ்வொரு வரியையும் தானே ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும், தனியாகச் சுழற்சிப் பெட்டி வேண்டாம். எச்டிடிபி பெட்டியின் விருப்பங்களில் தொகுதி அளவு ஒன்று, இடைவெளி ஒரு விநாடி என்று மட்டும் வையுங்கள். பேஸ்ரோவின் தளத்தில் ஒரே சமயத்தில் எத்தனை அழைப்பு அனுப்பலாம் என்பதற்கு வரம்பு உண்டு.

முதல் அழைப்பு வியூவை உருவாக்குகிறது. வகை கட்டம், பெயர் பட்டியலில் உள்ள பெயர், ஃபில்டர்களை இணைக்கும் முறை "மற்றும்". "அல்லது" என்று விட்டுவிட்டால் பூசத்தன்று வரும் எல்லோரும், எந்த நாளானாலும் நீர்மோரில் நிற்கும் எல்லோரும் சேர்ந்து வந்து குவிவார்கள். பதிலில் வரும் வியூ எண்ணைப் பின்வரும் எல்லாப் பெட்டிகளும் பயன்படுத்தும். ஒன்றை மறக்காதீர்கள்: எச்டிடிபி பெட்டியைத் தாண்டியதும் கையில் இருப்பது பேஸ்ரோவின் பதில் மட்டுமே. பட்டியலில் இருந்த நாள், பிரிவு எண்களை கோட் பெட்டியின் பெயரைச் சொல்லித் திரும்ப எடுக்க வேண்டும்.

இரண்டாவது அழைப்பு நெடுவரிசைகளை மறைக்கிறது. அட்டவணையில் உள்ள எல்லா நெடுவரிசையையும் எண்ணோடு குறிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் மறைப்பு உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். அகலத்தையும் இடத்தையும் இங்கேயே சொல்லலாம். பார்ப்பவர்கள் கைப்பேசியில்தான் பார்க்கப்போகிறார்கள், அதனால் அகலத்தைக் குறைத்து வையுங்கள்.

அடுத்த மூன்று அழைப்புகள் ஃபில்டருக்கு. நாள், பிரிவு, நிலை. மூன்றையும் ஒரே பெட்டியில் உள்சுழற்சி போட்டுச் செய்யலாம்தான். மூன்று தனிப் பெட்டியாக வைத்தால் எது இடறியது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். ஒற்றைத் தேர்வு ஃபில்டருக்கு மதிப்பாகப் பெயரைக் கொடுக்கக் கூடாது, தெரிவின் எண்ணைக் கொடுக்க வேண்டும். நிலைக்கு "உறுதி" என்ற தெரிவின் எண். நிலை நெடுவரிசை மறைந்திருந்தாலும் ஃபில்டர் வேலை செய்யும். ஏதாவது ஒரு வியூவில் இரண்டு பிரிவைச் சேர்த்துக் காட்ட வேண்டுமென்றால் "இவற்றில் ஏதேனும் ஒன்று" என்ற வகை ஃபில்டர் இருக்கிறது, எண்களைக் காற்புள்ளியிட்டுக் கொடுக்கலாம்.

பிறகு வரிசைப்படுத்தல். ஓர் அழைப்பு, சுற்று எண், ஏறுவரிசை. முடிந்தது.

வெளியிடுவதற்கு முன் எண்ணுங்கள்

பொருந்தாததைக் காலியாக விடக் கூடாது, ஏனென்று பிறகு சொல்கிறேன் என்றேன். மதிப்பு காலியாக உள்ள ஃபில்டரை பேஸ்ரோ பொருட்படுத்தாது. "பிரிவு சமம்" என்று வைத்து எதற்குச் சமம் என்று சொல்லாமல் விட்டால், ஃபில்டரே இல்லாததுபோல் எல்லா வரியும் தெரியும். கையால் ஃபில்டர் போடும்போது இது வசதி. தானியங்கியில் இது ஆபத்து. பொருந்தாத பெயருக்குக் காலி மதிப்பு போய், வியூ உருவாகி, எந்தப் பெட்டியும் சிவக்காமல், மொத்தப் பட்டியலும் பொது இணைப்பில் ஏறிவிடும்.

எனவே வியூவை உருவாக்கும்போது பொதுவாக்காதீர்கள். எல்லா ஃபில்டரும் சேர்ந்தபின், பணிச்சுற்று அட்டவணையின் வரிகளை அந்த வியூ எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பேஸ்ரோ அந்த வியூவின் ஃபில்டரைப் பொருத்தி எத்தனை வரி என்று சொல்லும். அந்த எண்ணைப் பட்டியலில் உள்ள குறைந்தது, அதிகபட்சம் இரண்டோடும், நிபந்தனை பார்த்து வழி பிரிக்கும் இஃப் பெட்டியில் ஒப்பிடுங்கள். உள்ளே இருந்தால் அடுத்த பெட்டிக்குப் போகட்டும். 140 வரி உள்ள அட்டவணையில் நீர்மோர் வியூ 140 என்று காட்டினால் ஃபில்டர் விழுந்துவிட்டது என்று அர்த்தம். பூஜ்யம் என்றால் தெரிவு எண் தவறு, அல்லது உண்மையிலேயே இன்னும் யாரும் உறுதி செய்யவில்லை. இரண்டாவது காரணம் என்றால் உடனே புலன (வாட்ஸ்அப்) குழுவில் ஆள் தேட வேண்டும். அதையும் இந்தச் சோதனையே சொல்லிவிடுகிறது.

எண்ணிக்கை சரி, வரி "பொது" என்று குறிக்கப்பட்டிருக்கிறது என்றால் வியூவைப் பொதுவாக்கும் அழைப்பு. பதிலில் இணைப்பின் கடைசிப் பகுதி வரும். முழு முகவரியாகச் சேர்த்து, வியூ எண்ணோடு வியூ பட்டியலில் திரும்ப எழுதுங்கள். இனி பொறுப்பாளர்களுக்கு அனுப்ப வேண்டிய 18 இணைப்பும் ஒரே இடத்தில் இருக்கும். பொது வியூவுக்குக் கடவுச்சொல் வைக்கும் வசதியும் பேஸ்ரோவில் உண்டு. புலனத்தில் போன இணைப்பு எங்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது என்பதால் அதை வைத்துவிடுவது நல்லது.

முதல் ஓட்டத்தை ஒரே வரியோடு ஓட்டுங்கள். வந்ததைத் திறந்து பார்த்து, நெடுவரிசை, எண்ணிக்கை, அடுக்கு மூன்றும் சரியென்றால் இன்னும் இரண்டு வரி. அப்புறம் மொத்தமும். தொடங்குமுன் தரவுத்தளத்தை ஒரு ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் முழு நகல்) எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை ஓடும்போது

வேலைத்தொடர் ஒருமுறைதான் ஓடும் என்றால் கதை இதோடு முடிந்தது. ஆனால் பிரிவின் பெயர் மாறும், புது நெடுவரிசை வரும், மறுபடி ஓட்டுவீர்கள். ஒரே பெயரில் இரண்டு வியூ இருப்பதை பேஸ்ரோ தடுக்காது. 18 என்பது 36 ஆகும். அடுத்த முறை 54.

இதற்காகத்தான் வியூ எண்ணைப் பட்டியலில் எழுதி வைத்தோம். உருவாக்கும் பெட்டிக்கு முன் ஓர் இஃப் வையுங்கள். வியூ எண் காலியா? உருவாக்கு. எண் இருக்கிறதா? இருப்பதைத் திருத்து.

பழையதை அழித்துவிட்டுப் புதிதாகச் செய்வது சுலபமாயிற்றே என்று சிலர் கேட்பார்கள். புது வியூவுக்குப் புது இணைப்பு வரும். பொறுப்பாளர் கையில் இருக்கும் இணைப்பு செத்துவிடும். பூசத்துக்கு முந்தைய இரவு அதைச் செய்து பாருங்கள், விடியும்வரை தொலைபேசி ஓயாது. எனவே வியூவை வைத்துக்கொண்டு அதன் ஃபில்டர்களை மட்டும் மாற்றுங்கள்.

திருத்தும் கிளையில் வரிசை முக்கியம். பழைய ஃபில்டரை எடுத்துவிட்டுப் புதியதைப் போடும் அந்தச் சில விநாடிகளில் வியூவில் ஃபில்டரே இல்லை. அது பொதுவாக இருந்தால் பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும். முதலில் பொதுவை அணையுங்கள். பிறகு இருக்கும் ஃபில்டர், வரிசைப்படுத்தல் இரண்டையும் பட்டியலிட்டு நீக்குங்கள். மேலே சொன்ன மறைப்பு, ஃபில்டர், அடுக்கு, எண்ணிக்கைச் சோதனை நான்கையும் இந்தக் கிளையும் தாண்டி வரட்டும். கடைசியில் பொதுவை இயக்குங்கள். அணைத்து இயக்குவதால் இணைப்பு மாறாது. இணைப்பை வேண்டுமென்றே மாற்ற வேண்டுமானால் அதற்குத் தனி அழைப்பு இருக்கிறது. தவறான குழுவுக்கு இணைப்பு போய்விட்டால் அதைப் பயன்படுத்துங்கள்.

இரவுதோறும் தானாக ஓடவிட விரும்புபவர்களுக்கு ஒரு சொல். சொந்தமாக நிறுவிய என்8என்-இல் நேர மண்டலத்தை மாற்றாமல் விட்டால் நியூயார்க் நேரம் இருக்கும். நீங்கள் நள்ளிரவு என்று வைத்தது நமக்கு நண்பகலிலோ பிற்பகல் ஒரு மணிக்கோ ஓடும். வேலைத்தொடரின் அமைப்பில் ஆசியா/கோலாலம்பூர் என்று மாற்றுங்கள். தேதி ஃபில்டர் எங்காவது பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதிலும் இந்த மண்டலத்தையே சொல்லுங்கள். இல்லாவிட்டால் உலகப் பொது நேரத்தில் "இன்று" என்பது நமக்குக் காலை எட்டு மணிக்குத்தான் பிறக்கும். ஆறு மணிக்கு வந்த முதல் சுற்று நேற்றைய பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வியூ ஒரு பூட்டு இல்லை

பொது இணைப்பில் பார்ப்பவருக்கு மறைத்த நெடுவரிசை போவதில்லை. அவர் எதையும் திருத்தவும் முடியாது. ஆனால் பணித்தளத்தில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டவர் எந்த வியூவுக்குள் இருந்தாலும் மறைப்பை நீக்கி எல்லாவற்றையும் பார்க்கலாம். "நீர்மோர் வியூ மட்டும் கொடுத்திருக்கிறேன்" என்று நினைத்து உறுப்பினராகச் சேர்த்தால், தொண்டர்கள் அட்டவணையில் உள்ள எல்லோருடைய எண்ணும் அவர் கையில். நுணுக்கமாக உரிமை பிரித்துக் கொடுக்கும் வசதி கட்டணத் திட்டங்களில்தான் வருகிறது. திருத்தும் வேலையை இரண்டு மூன்று பேரிடம் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு இணைப்பு மட்டும் கொடுங்கள். புதிதாகப் பெயர் கொடுப்பவர்களுக்குப் படிவ வியூ இருக்கிறது.

பந்தலுக்கு இல்லாமல் கேட்டரிங், டியூஷன், புடவைக் கடை என்று வியாபாரத்துக்கு இதே முறையைப் பயன்படுத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிகப் பரிவர்த்தனைகளுக்குப் பொருந்தும். 2024இல் திருத்தப்பட்டு, கோட்பாடுகளை மீறுவதற்கான அபராத உச்சம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது. தரவுக் கசிவை ஆணையரிடம் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வாடிக்கையாளர் முகவரியும் எண்ணும் உள்ள வியூவைப் பொதுவாக்குமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பூசத்தன்றும் அதன் பிறகும்

பினாங்கின் ஜாலான் கெபுன் பூங்கா சாலையில் கூட்டம் சேர்ந்தபின் கைப்பேசியில் இணையம் தவழும். முந்தைய மாலையே ஒவ்வொரு வியூவையும் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) ஏற்றுமதி செய்து, அச்சடித்து, பந்தலின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். சிஎஸ்வி ஏற்றுமதி இலவசம். அதை எக்செலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் எழுத்து சில சமயம் உடைந்து தெரியும். தரவு மெனு வழியாக இறக்குமதி செய்து யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாக வரும்.

தேர் திரும்பி, பந்தலைப் பிரித்து முடித்ததும் வியூ பட்டியலில் எல்லா வரியையும் "உள்ளுக்கு" என்று மாற்றி வேலைத்தொடரை ஒருமுறை ஓட்டுங்கள். திருத்தும் கிளை முதலில் பொதுவை அணைக்கும், "பொது" என்று குறிக்காததால் திரும்ப இயக்காது. 18 இணைப்பும் ஒரே ஓட்டத்தில் மூடிவிடும். அடுத்த ஆண்டுக்கு வருவதாகச் சொன்னவர்களைத் தவிர மற்றவர்களின் வரிகளைத் தொண்டர்கள் அட்டவணையிலிருந்து நீக்குங்கள். பேஸ்ரோவின் தளத்தில் நீக்கியவை மூன்று நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும், யாரையாவது தவறாக நீக்கியிருந்தால் அதற்குள் மீட்டுக்கொள்ளலாம். தொடங்கும்போது எடுத்த ஸ்னாப்ஷாட்டில் அவர்களுடைய எண்கள் இன்னும் இருக்கும், அதையும் சேர்த்து அழியுங்கள். பணிச்சுற்று வரிகளை வேறோர் அட்டவணைக்கு நகலெடுத்துவிட்டு இங்கே காலி செய்யுங்கள். நாள், பிரிவு நெடுவரிசைகளின் தெரிவுகளை மட்டும் அழிக்காதீர்கள். அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி சேர்த்தால் புது எண் வரும், அடுத்த பூசத்துக்குப் பதினெட்டு ஃபில்டரும் இல்லாத எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்.